மணல் தரையில் முந்திரிகை வளர்ப்பு

தேயிலைக்கு மட்டுந்தான் கவ்வாத்து என்று நினைக்க வேண்டாம். முந்திரிகைக் கொடிக்கும் (நாம திராட்சைன்னு சொல்றோமே, அதுதான்) கவ்வாத்து உண்டு. வெட்டினால்தான் புதுத்தளிர் வரும், தளிரோடு பூ வரும். வெட்டி மூன்று, நான்கு மாதத்தில் பழம். யாழ்ப்பாணத்தில் 'இஸ்ரேல் புளூ' என்ற கறுத்த இனத்தை இப்படித்தான் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டினால் வேலணைத் தீவு. அங்கேயுள்ள மண்கும்பான் மணல் ஊர். ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீராக நிற்கிறது. கிணற்றுக்கு வருவது அதுதான். கூடுதலாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். இரசாயனப் பசளையை அள்ளிப் போட்டால் மணல் பிடித்து வைக்காது, குடிதண்ணீரில் போய்ச் சேரும். 2021 தடையில் கொழுந்து குறைந்ததைப் பார்த்த நமக்குச் சேதனப் பசளை என்றாலே கசப்புத்தான். ஆனால் இப்படிப்பட்ட தரையில் அது கிணற்றைக் காக்கிற வேலை.

முதலில் மூடாக்கு. பாடப்புத்தகத்தில் பத்திரக்கலவை என்பார்கள். கவ்வாத்துக் குச்சியையும் முள்முருங்கைத் தழையையும் தேயிலை நிரையில் பரப்புகிறோமே, அதே வேலைதான். அங்கே பனையோலை தாராளம். ஓலையை மண்ணில் தாழ்ப்பது யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்கம். நன்றாகத் தண்ணீர் விட்டபின் 3, 4 அங்குலம் பரப்ப வேண்டும். அடித்தண்டில் முட்டக்கூடாது, ஒரு சாண் விடுங்கள். இல்லாவிட்டால் தண்டு அழுகும், கறையானும் ஏறும். ஓலை இலேசில் உக்காது. எனவே கிளிசரியாத் தழை, மாட்டெரு கலந்து போடுவது நல்லது. அடைமழையில் மூடாக்கைச் சற்று விலக்கி விடுங்கள்.

துணைப்பயிருக்குச் சணல் நல்லது. காற்றிலுள்ள நைதரசனை வேர் முடிச்சில் சேர்க்கும். பூக்கும்போது அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடலாம். படரும் அவரை வேண்டாம், பந்தலைப் பிடித்துக்கொள்ளும். மணலில் வேரை முடிச்சுப் போட வைக்கும் வட்டப்புழுத் தொல்லை அதிகம். துலுக்கச் செவ்வந்தி அதைக் குறைக்கும். தக்காளி, கத்தரி, வெண்டி அதைப் பெருக்கும், ஆகவே பக்கத்தில் வைக்காதீர்கள். பந்தல் மூடிய பிறகு நிழலில் எதுவும் சரியாக வராது, ஓரத்தில் மட்டும் வைக்கலாம்.

மேல்மலைத் தோட்டங்களில் முந்திரிகை சரிவராது. ஓயாத மழையில் இலையும் குலையும் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆனா மூடாக்கு நம்ம லயத்துப் பாத்திக்கும் ஆகும். மானாப்புல்லை விதை கட்டும் முன்னே அறுத்து, போஞ்சிக்கும் கறிமிளகாய்க்கும் போடுங்கள். சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். நெடுக்காகப் போட்டால் மழைத்தண்ணீர் அந்த வழியே மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும்.