லண்டனில் ஜல்லி லாரிக்கு வழி வகுப்பது எப்படி?

பல்லாவரத்து மலையடியில் உடைத்த கல்லை அன்றைக்கே சென்னைத் தெருவில் கொட்டிவிடலாம் என்றிருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு, லண்டனில் வியப்பளிப்பது இங்கே கல்லே கிடையாது என்பதுதான். நகரம் களிமண்ணின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேண்டிய ஜல்லியில் கணிசமான பங்கு, சுமார் நூறு மைலுக்கு அப்பால் சாமர்செட்டிலுள்ள மெண்டிப் குன்றுகளின் மெரிஹெட், வாட்லி குவாரிகளில் வெட்டப்பட்டு, ரயிலேறி, மேற்கு லண்டனின் ஆக்டன் யார்டு வரை வந்து, அங்கிருந்து பல கிடங்குகளுக்குப் பிரிந்து செல்கிறது. மெரிஹெட் குவாரியை நடத்திய ஃபாஸ்டர் யோமன் நிறுவனம் இதன்பொருட்டு 1986-இல் சொந்தமாகவே ரயில் எஞ்சின்களை வாங்கிற்று. ஆகவே லாரிக்கு எஞ்சுவது கடைசிச் சில மைல்களே; சிரமம் முழுவதும் அந்தச் சில மைல்களில்தான்.

முதற்காரியம், வேலை நடக்கும் ஸ்தலம் தேம்ஸ் நதியின் எந்தக் கரையிலிருக்கிறதோ அதே கரையிலுள்ள கிடங்கைத் தேர்ந்துகொள்வது. டன்னுக்குச் சில பென்ஸ் மலிவு என்று அக்கரைக் கிடங்கை நாடுகிறவர், அந்த லாபத்தை ஆற்றைக் கடப்பதிலேயே தொலைத்துவிடுவார் என்பது என் திடமான அபிப்பிராயம். ஹாமர்ஸ்மித் பாலம் 2019 ஏப்ரல் முதல் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. டவர் பாலம் 18 டன்னுக்கு மேல் தாங்காது. ராதர்ஹித் சுரங்கப்பாதையில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு மேற்பட்ட எதுவும் நுழையாது. 2025 ஏப்ரலில் திறந்த சில்வர்டவுன் சுரங்கத்திலும், பக்கத்துப் பிளாக்வாலிலும் காலை 6 முதல் இரவு 10 வரை சுங்கம் உண்டு.

அடுத்தது நடைக் கணக்கு. எட்டுச் சக்கர டிப்பர், தன் எடையும் பாரமும் சேர்த்து 32 டன்னுக்கு உட்பட்டது. ஆக, ஜல்லி ஏறுவது சுமார் 20 டன். ஒரு நாளைக்கு 400 டன் வேண்டுமென்றால் இருபது நடை. ஏற்ற, எடைமேடையில் நிற்க, போக, கொட்ட, திரும்ப என்று ஒரு நடைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தால், எட்டு மணி நேரத்தில் ஒரு லாரிக்கு நான்கு நடை. ஐந்து லாரிகள் தேவை. நாலரை மணி நேரம் ஓட்டிய டிரைவருக்கு 45 நிமிஷ ஓய்வு சட்டப்படி கட்டாயம் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பிறகு நேரம். 1985 முதல் நடப்பிலுள்ள லண்டன் லாரிக் கட்டுப்பாட்டின்படி, 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் வார நாட்களில் இரவு 9 முதல் காலை 7 வரையிலும், சனிக்கிழமை பகல் 1 மணி முதல் திங்கள் காலை 7 வரையிலும், விலக்களிக்கப்பட்ட பெருஞ்சாலைகளை விட்டு அநுமதியின்றி விலகக் கூடாது. கணக்கில் கொள்ளப்படுவது லாரியின் அநுமதிக்கப்பட்ட உச்ச எடையே. எனவே காலி லாரியும் தப்ப முடியாது. அதிகாலை நடை தவிர்க்க முடியாததாயின், ஸ்தலத்துக்கு மிக அருகில் வரும் பெருஞ்சாலை முனையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மட்டும் விலகும்படி வழியை வரைந்து அநுமதி கேட்க வேண்டும். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவரின் கண்ணுக்குப் பாதசாரி எவ்வளவு தெரிகிறார் என்பதை நட்சத்திரத்தால் அளக்கும் தனிப் பெர்மிட்டும் உண்டு. 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரமோ, ஈடான பாதுகாப்புக் கருவிகளோ இல்லாமல் அது கிடைப்பதில்லை.

இனி, வரைந்த வழியில் நீங்களே ஒருமுறை போய்வர வேண்டும். அதுவும் லாரி போகவிருக்கிற அதே கிழமையில், அதே மணியில். நான் ஒரு ஞாயிறு பிற்பகல் காரில் போய்ப் பார்த்து, அகலமான தெருவென்று குறித்துக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அதே தெரு, பள்ளிக்கூட வாசலில் இரு பக்கமும் கார்கள் நின்று, குழந்தைகள் நடுவே ஓடிக்கொண்டிருக்க, முன்சென்ற டிப்பர் பின்னாலும் வர முடியாமல் இருபது நிமிஷம் நின்றது. அன்று முதல் பள்ளி தொடங்கும், விடும் நேரங்களையும், குப்பை வண்டி வரும் கிழமையையும் விசாரிக்காமல் நான் வழி வகுப்பதில்லை.

போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாயிருக்க வேண்டிய அவசியமில்லை. குறுகிய தெருவில் பார லாரியும் காலி லாரியும் எதிரெதிரே சந்திக்காதபடி வட்டமாக ஓட்டுவது உத்தமம். ஸ்தலத்து வாசலில் சக்கரம் கழுவ ஏற்பாடு இல்லையேல், மேலே சொன்ன யாவும் வீண்; முதல் மழையிலேயே தெருவாசிகளின் புகார் வந்து சேரும்.

கடைசியாக, முழு வழியையும் ஒரே தாளில் எழுதி டிரைவர் கையில் கொடுங்கள். வாரக் கடைசியில் அந்தத் தாள்களைத் திரும்ப வாங்குங்கள்; ஓரத்தில் அவர்கள் பென்சிலால் கிறுக்கியிருப்பதைப் பார்த்து, திங்கட்கிழமைக்குள் வழியைத் திருத்துங்கள்.