இன்ஸ்ப்ரூக் போனால் முதல் வேலையாக மலைக்குப் போங்கள்

"மலை எங்க ஓடிடப் போகுது அண்ணி? நாளைக்குப் பாத்துக்கலாம்."

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் ரயில் நிலைய வாசலில் என் கொழுந்தன் இப்படிச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மியூனிக்கில் மகன் வீட்டிலிருந்து ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் இன்ஸ்ப்ரூக் வந்துவிடும். விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஊர் சுற்றிப் பார்க்கும் அட்டை ஒன்று உண்டு. 48 மணி நேர அட்டையாக வாங்குங்கள். அரண்மனை, தேவாலயம், நகரப் பேருந்து, மலைக்குப் போகும் ரோப் கார் ஒருமுறை ஏறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். தயிரும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை இலைகூட அசையவில்லை. ஊருக்கு வடக்கே நோர்ட்கெட்டே மலைத்தொடர் சுவர்போல நிமிர்ந்து நின்றது. ஊர் இருப்பது 574 மீட்டர் உயரத்தில். பழைய நகரத்தை ஒட்டிய நிலையத்திலிருந்து விஞ்ச் போன்ற ரயிலில் ஹுங்கர்பூர்க் வரை போய், அங்கிருந்து இரண்டு ரோப் கார் மாறினால் 2,256 மீட்டரில் ஹாஃபெலேகார். முழங்கால் வலிக்காரர்கள் ஆல்ப்ஸ் உச்சியைத் தொட இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. அதை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே படிகக் கண்ணாடி நகை விற்கும் இடத்துக்குப் போனோம். கொழுந்தனுக்கும் ஓரகத்திக்கும் அங்கே போயே ஆகவேண்டும். பகல் முழுக்க அங்கேயே கழிந்தது. வாங்கியது ஒரு ஜோடித் தோடு.

ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்தால் வானம் நேற்றைவிட நீலம். மலையும் கிட்டே வந்துவிட்டது போலிருந்தது. பாறை இடுக்கில் கிடந்த பனிக் கோடுகளைக்கூட எண்ணலாம். காற்று மட்டும் கதகதவென்று, முகத்தில் அறைகிற மாதிரி வீசியது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று சந்தோஷமாகக் கிளம்பினோம். ஹுங்கர்பூர்க் வரை ரயில் போனது. அதற்கு மேல் ரோப் கார் ஓடவில்லை. காற்றினால் நிறுத்தியிருக்கிறோம் என்று பலகை வைத்திருந்தார்கள். நிலையத்துக்குள் நின்றிருந்த பெட்டியின் கண்ணாடியில் அந்த மலை முழுசாகத் தெரிந்தது.

அந்தக் காற்றுக்கு ஃபோன் என்று பெயர். இத்தாலிப் பக்கமிருந்து ஆல்ப்ஸில் ஏறும் காற்று தன் ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. வடக்கே இறங்கும்போது உலர்ந்து சூடாகிவிடுகிறது. 1,370 மீட்டர் உயரமே உள்ள பிரென்னர் கணவாய் அதற்கு வாசல்போல. அந்த வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது இன்ஸ்ப்ரூக். காற்று உலர்ந்து தெளிவதால்தான் மலை கிட்டே தெரிகிறது. தலைவலி வந்தால் உள்ளூர்க்காரர்கள் ஃபோன் மேல்தான் பழி போடுவார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகம் வீசும், சிலசமயம் நாள்கணக்கில் நீடிக்கும். வானத்தில் மீன் வடிவ மேகம் நின்றால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். ரோப் காரை நிறுத்தியது சரிதான், அதை நடத்துகிறவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என் கைபேசியின் வானிலைப் பக்கத்தில் அன்றைக்குச் சூரியன் படம் மட்டும்தான் இருந்தது. நீங்கள் மலை உச்சியின் காற்று வேகத்தைப் பாருங்கள். ரோப் கார் ஓடுகிறதா என்பதை அவர்கள் இணையப் பக்கத்திலேயே போடுகிறார்கள், உச்சியில் கேமராவும் இருக்கிறது.

அந்த ஞாயிறு மதியம் நான் பிடிவாதமாக ஹோஃப்கிர்ஹே தேவாலயத்துக்குப் போனேன். "எல்லா சர்ச்சும் ஒண்ணுதானே" என்று மற்றவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். ஒன்று இல்லை. பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் சமாதியைச் சுற்றி, ஆள் உயரத்தைவிடப் பெரிய 28 வெண்கலச் சிலைகள் இருபுறமும் காவல் நிற்கின்றன. ஓர் அரசியின் பாவாடை மடிப்பில் பூவேலையின் ஒவ்வொரு இதழையும் வெண்கலத்தில் வார்த்திருந்தார்கள். சமாதிக்குள் அரசர் இல்லை. அவர் உடல் வீனர் நொய்ஷ்டாட்டில் இருக்கிறது. 1500ஆம் ஆண்டில் 2,657 செப்பு ஓடுகளுக்குத் தங்க முலாம் பூசி, ஊர் நடுவே பொற்கூரை போட்ட அதே மனிதருக்கு, கடைசிக் காலத்தில் பழைய கடன் பாக்கிக்காக இன்ஸ்ப்ரூக் சத்திரக்காரர்கள் இடம் தர மறுத்தார்கள். ஊரைவிட்டுப் போனவர் 1519 ஜனவரியில் வெல்ஸ் என்ற ஊரில் இறந்துபோனார். சிலைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் நின்றேன். அந்தப் பயணத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

பேருந்துச் சுற்றுலாக்காரர்கள் பொற்கூரைக்குக் கீழே ஒரு படம் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். "சுவிஸ் போகாம இந்த ஊர்ல ரெண்டு ராத்திரியா?" என்று ஊர் திரும்பியதும் கேட்டவர்களும் உண்டு. அடுத்த முறை மூன்று ராத்திரி தங்குவேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாளைக் காற்று கொண்டுபோனாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

திங்கள் காலையும் காற்று நிற்கவில்லை. ஒன்பது மணி ரயிலில் திரும்பிவிட்டோம்.

இன்ஸ்ப்ரூக்கில் இறங்கும்போது காற்று இல்லாமல் மலை தெளிவாகத் தெரிந்தால், பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேரே ரோப் காருக்குப் போங்கள். 1,905 மீட்டரில் ஸேகுரூபே நிலையத்திலேயே உணவகம் இருக்கிறது, காலைக் காப்பியைக்கூட அங்கே போய்க் குடித்துக்கொள்ளலாம். கூட வருகிறவர்கள் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.