காணொளியும் தகவல் எழுத்தறிவும்

நூல் கிடையாமை அன்றைய மாணாக்கரின் இடர்; தகவல் மிகுதி இன்றைய மாணாக்கரின் இடர். வேண்டுவது எதுவென உணர்தல், தேடிக் காணல், உண்மை ஆராய்தல், பெற்ற இடத்தைக் கூறிப் பயன்படுத்தல் ஆகிய நான்கும் சேர்ந்த திறனையே ‘தகவல் எழுத்தறிவு’ என்பர். பெயர் புதிது, பொருள் பழையது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தது இத்திறன் கொண்டே அன்றோ?

ருவான்வெல்லையில் இறப்பர்த் தோட்ட லயமொன்றிலிருந்து வந்து நம்மிடம் பயின்று, பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி தன் முதற் கட்டுரையைக் காட்டினாள். மலையகத் தமிழரின் குடியுரிமை 1964இல் பறிக்கப்பட்டதென எழுதியிருந்தாள். எங்கே கண்டாய் என வினவினோம். வட்ஸ்அப்பில் வந்தது என்றாள். அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றோராக்கியது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். 1964இல் நிகழ்ந்தது சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். தன் முன்னோர் நாடற்றோரான ஆண்டையே அவள் பிழைபட எழுதினாள் எனின், குற்றம் அவளதன்று. தேடக் கற்பியாத நம்முடையதே.

ஆகவே, ஐந்து நிமிடக் காணொளிகள் மூன்றினைக் கைத்தொலைபேசியிலேயே அமைத்தோம். தேடுசொல்லைத் தேர்ந்து, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்திற் பழைய இதழ்களைக் காணும் முறையை முதலாவது காட்டும். சொன்னவர் யார், எப்பொழுது, எதனை ஆதாரமாகக் கொண்டு என்று வினவி, மூலச் சட்டத்தோடு ஒப்பிடுவதை இரண்டாவது காட்டும். எடுத்த இடத்தைக் குறிப்பிடும் முறையை மூன்றாவது உரைக்கும்.

கரும்பலகையில் விளக்க இயலாத தேடற் செயல் திரையிற் படிப்படியாக நிகழ்கின்றது. விளங்காத இடத்தில் நிறுத்தலாம், மீட்டும் பார்க்கலாம். அலைவரிசை எட்டாத லயத்தார் நகரில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் வீட்டில் இருந்தே கற்கலாம். ஆயினும் கரையில் நின்று பார்த்தவன் நீந்தக் கற்றவனாகான். எனவே ஒவ்வொரு காணொளியின் இறுதியிலும் மாணாக்கர் தாமே தேடி விடை காணவேண்டிய பயிற்சியொன்றை வைத்தோம்.

சில நாளில் அம்மாணவி நம்மையே வினவினாள்: “ஐயா, 1964இன் ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றியது என்றீர்கள். இந்தியா ஏற்க இசைந்தது 525,000. இலங்கை ஏற்க இசைந்தது 300,000. எஞ்சிய 150,000 பேர் எங்கே?” அதனை நாம் காணொளியிற் கூறாது விட்டிருந்தோம். விடையையும் அவளே தேடிக் கொணர்ந்தாள்: 1974இன் உடன்பாட்டால் அவர்களை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க இசைந்தன.

காணொளியைத் திருத்தினோம். ஆசிரியர் சொல்லையும் ஆராயத் துணிந்த அன்றே பாடம் பலித்தது. பழைய மாணவ அன்பர்களே, கற்ற துறையில் நீங்களும் இத்தகைய காணொளி ஒன்றேனும் ஆக்கித் தந்து, நம் இளையோர்க்கு உதவுவீர்களாக.