புதிய கடல்நீர்த் தொட்டியைப் பதப்படுத்துதல்

தாம்பரம், மேடவாக்கம், கேளம்பாக்கம் வட்டாரத்தில் கொல்லைப்புறத் தொட்டிகளில் வண்ணமீன் வளர்ப்போருக்குக் கோமாளி மீன் போன்ற கடல் மீன்களிலும் நாட்டம் ஏற்படுவது இயல்பே. நன்னீர் மீனைவிட இவற்றின் விலை அதிகம். மடிந்தால் நட்டமும் அதிகம். நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவதுதான் இந்நட்டத்திற்கு முக்கிய காரணம்.

வயலில் இடும் யூரியா மண்ணில் அம்மோனியாவாகி, நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுவதை நீங்கள் அறிவீர்கள். தொட்டியிலும் இதுவே நடைபெறுகிறது. மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவைத் தருகின்றன. புதிய தொட்டியிலோ அதை மாற்றும் நுண்ணுயிர்கள் போதிய அளவு இரா. மேலும், கடல்நீரின் கார அமில நிலை 8.0 முதல் 8.3 வரை இருப்பதால் அம்மோனியாவின் நச்சுத்தன்மை அதில் கடுமையாக இருக்கும்.

வெளிநாடுகளில் இந்நுண்ணுயிர்கள் குடியேறிய ‘லைவ் ராக்’ எனும் உயிர்ப்பாறையைத் தொட்டியில் அடுக்குவர். நம் நாட்டில் பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாப் பாறை என்று யாரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள், வாங்குபவரும் குற்றவாளியே. சுண்ணாம்புக் காளவாய்க்குச் செல்லும் சுடாத கிளிஞ்சலே நமக்குப் போதும். அதை நன்கு கழுவி, நீரோட்டம் படும்படி பரப்புதல் வேண்டும். நோயற்ற பழைய கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு கை கிளிஞ்சல் கிடைத்தால் தயிருக்கு உறை ஊற்றியது போலாகும்.

கோவளம் கடற்கரையில் நீர் எடுப்போர் முட்டுக்காடு முகத்துவாரத்தைத் தவிர்க்கவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல்நீரின் உப்புத்தன்மை குறையும். அடர்த்திமானியில் 1.023 முதல் 1.025 வரை காட்டவேண்டும். சமையல் உப்பைக் கரைத்த நீர் உதவாது.

200 லிட்டர் நீருக்குச் சுமார் 1.2 கிராம் தூய நவச்சாரம் (பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரின் கட்டி வேண்டாம்) இட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். இச்சிறு அளவை நகைத் தராசில் நிறுப்பது நல்லது. இரவும் பகலும் காற்றுக் குமிழி ஓடட்டும். இந்நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு இன்றியமையாதது. மூன்று நாட்களுக்கு ஒருமுறை சோதனைப் பெட்டியால் நீரைப் பரிசோதிக்கவும். முதலில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும். பின்னர் நைட்ரைட்டும் இறங்கும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அம்மோனியா தீர்ந்தவுடனேயே பலர் அவசரப்பட்டு மீனை விடுகின்றனர். அது பாதிக் கிணறு தாண்டிய கதை.

இரண்டும் மறைந்தபின் அதே அளவு நவச்சாரத்தை மீண்டும் இடவும். 24 மணி நேரத்தில் இரண்டும் இல்லாமற் போனால் தொட்டி தயார். பாதி நீரை மாற்றி, முதலில் இரண்டே மீன்களை விடவும். தொட்டியிலேயே பொரித்த குஞ்சுகளாகக் கேட்டு வாங்குங்கள்; மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மண்டல மையம் கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டுள்ளது.

வெயிலில் வற்றும் அளவுக்கு, குளோரின் நீங்கிய நன்னீரையே ஊற்றவும். உப்பு ஆவியாவதில்லை.