பின்சீட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டா?

பாகாயத்திலிருந்து வேலூர் டவுனுக்கோ, ஆம்பூர் ஷூ கம்பெனி ஷிஃப்டுக்கோ போகும் டூவீலரில் பின்சீட் காலியாக இருப்பது குறைவு. மனைவி, தம்பி, கூட வேலை செய்பவர் என்று யாராவது இருப்பார்கள். “வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, ஏதாவது ஆனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும்” என்ற தைரியம் வேறு. கையில் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் அந்தத் தைரியத்துக்கு ஆதாரமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது, நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டைத்தான். பின்னால் உட்கார்ந்து வருபவர் அந்த ‘அடுத்தவர்’ கணக்கில் வரமாட்டார் என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிரே வந்த லாரி மேல் தவறு என்றால் அதன் இன்சூரன்ஸ் கொடுக்கும். ஓட்டியவரே தவறவிட்டு வண்டி சறுக்கினால், இழப்பீடு அவர் தலையிலும் உரிமையாளர் தலையிலும்தான் விழும்.

இத்தனைக்கும் நாம் விலை விசாரிப்பது இந்தத் தேர்ட் பார்ட்டிக்குத்தான். 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி என்பது 2022 ஜூனில் அரசே நிர்ணயித்த கட்டணம். அதில் எந்தக் கம்பெனியிடமும் பேரம் பேச இடமில்லை. ஷோரூமில் “அஞ்சு வருஷத்துக்குப் போட்டாச்சு” என்று சொல்வதும் இதைத்தான்.

“பத்து வருடப் பழைய வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் தண்டம்” என்பார்கள். வண்டியின் மதிப்பை மட்டும் பார்த்தால் நியாயமான பேச்சுதான். ஆனால் மதிப்பு இறங்கினால் வண்டிச் சேதத்துக்கான பிரீமியமும் இறங்கும். அந்தச் சிறு தொகையில் கிடைக்கிற முக்கியமான லாபம் வேறு: ஃபுல் பாலிசியில் பின்சீட்டில் இருப்பவரும் அடங்குவார் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-லேயே கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. புது வண்டிகளுக்காவது ஐந்து ஆண்டுக்கு எல்லோரையும் காக்கும் பாலிசியைக் கட்டாயமாக்கலாமே என்றால், 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் உத்தரவிட்டது. மறு மாதமே திரும்பப் பெற்றும்கொண்டது. ஆக, கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

ஓட்டுகிறவரின் கதை இன்னும் கறார். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்கு உரியது. ஆர்சியில் பெயரும் கையில் லைசென்ஸும் அவருக்கு இருக்க வேண்டும். அப்பா வண்டியை எடுத்துப்போகும் மகனுக்கு அது பொருந்தாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவருக்கும் பொருந்தாது. கிடைத்தாலும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான்; சிஎம்சி மருத்துவமனையில் கட்டும் பில்லுக்கு அல்ல.