வந்தவர்களும் வதந்தியும்

மாலையில் வேலை முடியும் நேரத்தில் சேதராப்பட்டுக் கடைத்தெருவில் நின்றால் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் காதில் விழும். தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்புவார்கள். அவர்களைப் பற்றி ஊரில் பல பேச்சுகள் உண்டு. "நம் பிள்ளைகளின் வேலையைப் பறிக்க வந்தவர்கள்" என்பது அவற்றுள் ஒன்று. இலக்கிய மன்ற விழாவிற்கு ஒரு நகைச்சுவை நாடகம் போடும் பொறுப்பு பத்தாம் வகுப்பாகிய எங்களுக்குக் கிடைத்தபோது, அந்தப் பேச்சையே பொருளாக எடுத்துக்கொண்டோம். எழுதுவதற்கு முன் கொஞ்சம் படித்தாக வேண்டும் என்று சமூக அறிவியல் ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படித்ததையும் பட்டதையும் இங்கே தருகிறோம்.

முதலில் 2023 மார்ச் மாதச் செய்திகளைத் தேடிப் படித்தோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று அப்போது செல்பேசிகளில் படங்கள் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. தமிழ்நாட்டிற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஹோலிப் பண்டிகைக்காக ரயிலேறிய கூட்டத்தையும் "பயந்து ஓடுகிறார்கள்" என்றே காட்டினார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. அந்த அரசு ஒரு குழுவைத் தமிழ்நாட்டிற்கு அனுப்பி விசாரித்தது. படங்கள் பொய்யானவை என்று தமிழ்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்ற பொய்யைப் பரப்பியவர்களில் ஒருவர் ஓர் அரசியல் கட்சியின் பிரமுகர், வழக்கறிஞரும்கூட! அவரை மன்னிப்புக் கேட்கும்படி உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலில் கூறியது. ஆனால் மன்னிப்பு வருவதற்குள் பொய் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்? எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த மூன்று அண்ணன்மார் அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார்.

பொய் சொன்னவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. 2022 மே மாதம் கோவையில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில், இந்தி படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, இங்கே பானிபூரி விற்பவர் யார் என்று தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவரே கேட்டார். மொழித் திணிப்பை எதிர்ப்பது வேறு. உழைத்துப் பிழைப்பவரின் தள்ளுவண்டியைக் கேலிக்கு இழுப்பது வேறு.

இதே கேலியைத் தமிழரும் வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பம்பாய் வரலாறு காட்டியது. அங்கே வெளியூர்க்காரர்கள் நாம். 1960இல் பால் தாக்கரே 'மார்மிக்' என்னும் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். பம்பாய் அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் அதில் வெளியாயின. 1966 ஜூன் 19இல் சிவசேனை பிறந்தது. 'லுங்கியை விரட்டு' என்று முழக்கம் எழுந்தது. தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. தாக்கரே முன்பு 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழில் கேலிச்சித்திரம் வரைந்தவர். அதே நாளிதழில் வேலை பார்த்த இன்னொரு சித்திரக்காரர் ஆர். கே. லட்சுமண். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பிழைக்கப் பம்பாய்க்குப் போனவர்! அவர் படைத்த 'சாமானிய மனிதன்' வேட்டியும் கட்டம் போட்ட கோட்டும் அணிந்து, வாயே திறக்காமல் அரசியல்வாதிகளின் பித்தலாட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருவர் சிரிப்பை வந்தேறிகள் மேல் ஏவினார். மற்றவர் பதவியில் இருப்பவர்கள் மேல் ஏவினார். எங்களை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

நம் புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. ஆங்கில அரசைக் கருத்துப்படங்களால் குத்திக்காட்டிய 'இந்தியா' வார இதழ் 1908இல் சென்னையிலிருந்து இங்கு வந்தது. அதை நடத்திய பாரதியாரும் இங்கே அடைக்கலம் தேடி வந்தவர்தான்.

இவ்வளவும் படித்த பிறகும் நாங்கள் தவறு செய்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம். நாடகத்தில் ஒரு பெரியவர். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா. திண்ணையில் அமர்ந்து, "வெளியூர்க்காரர்கள் வந்து ஊரே கெட்டுவிட்டது" என்று புலம்புவார். வீட்டிற்கு வெள்ளையடிப்பவர் பீகார்க்காரர். அவர் வாங்கித் தின்பது பானிபூரி. அப்போது பாரிசிலிருந்து மகனின் கடிதம் வரும்: "அப்பா, 'உன் ஊருக்குத் திரும்பிப் போ' என்று இங்கே சுவரில் எழுதியிருக்கிறார்கள்." இதுவரை சரி. ஆனால் கூடுதலாகச் சிரிப்பு வரட்டும் என்று, வெள்ளையடிப்பவரைக் கொச்சைத் தமிழ் பேச வைத்தோம். "நான் வரான், நீ போறான்" என்று அவர் சொல்ல, ஒத்திகையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அந்த வசனங்களை அடித்துவிட்டோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டு, எந்த வேடம் வேண்டும் என்றும் கேட்டோம். "அந்தப் பெரியவர்" என்றாள்.

விழாவன்று ஒட்டு மீசையும் தோளில் துண்டுமாக அவள் திண்ணையில் அமர்ந்து, தன் ஒடியாச் சாயல் மாறாத தமிழில், "வெளியூர்க்காரங்க வந்து நம்ம ஊரே கெட்டுப்போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டபோது அரங்கம் அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த சிஸ்டர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். கடிதம் படித்தபோது சத்தம் அடங்கிவிட்டது. பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் சிலரும் வந்திருந்தார்களே! கடைசி வரிசையில் கம்பெனிச் சீருடையோடு அவள் அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் இருந்தவர் பொருள் சொன்ன பிறகு, எல்லோரும் சிரித்து ஓய்ந்த நேரத்தில், அவர் தனியாகச் சிரித்தது மேடைவரை கேட்டது.