அத்தாவின் சொல்லும் உங்கள் கையெழுத்தும்

கேள்வி: பாட்டனார் காலத்தில் இராமநாதபுரத்திலிருந்து மலேசியா வந்த குடும்பம் எங்களுடையது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் செம்பனைத் தோட்டத்து முகப்பில் அத்தா மளிகைக் கடை வைத்திருக்கிறார். எனக்கு 19 வயது. எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் ஊரிலிருக்கும் மாமி மகனுக்கு என்னை நிக்காஹ் செய்துவைக்க அத்தா முடிவு செய்துவிட்டார். என் பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருக்கிறது. “உன் வலி (திருமணப் பொறுப்பாளர்) நான், என் சொல்லே போதும்” என்கிறார். சட்டம் அப்படியா சொல்கிறது? 16 வயதுத் தங்கைக்கும் அடுத்து இதுதான் நடக்கும் போலிருக்கிறது. அத்தாவை விரோதித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: சகோதரி, அத்தாவின் சொல் மட்டும் போதாது.

நீங்கள் முஸ்லிம் என்பதால் உங்களுக்குரிய சட்டம் சிலாங்கூர் மாநில இஸ்லாமியக் குடும்பச் சட்டம், 2003. அதன் 13ஆம் பிரிவின்படி மணமகன், மணமகள் இருவரும் சம்மதித்திருக்க வேண்டும். அதோடு வலியின் சம்மதமும் வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாத நிக்காஹை இங்கே பதிய முடியாது. பலவந்தமாகவோ மிரட்டியோ ஒருவரை மணமுடிக்க வைப்பது இதே சட்டத்தில் குற்றம்.

கன்னிப் பெண்ணைத் தந்தை தாமே மணமுடித்துக் கொடுக்கலாம் என்று ஷாஃபி மத்ஹபில் ஒரு கருத்து உண்டு. அத்தா அதை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் ஒன்றை நினைவூட்டுங்கள். தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்துவிட்டார் என்று ஒரு கன்னிப் பெண் முறையிட்டபோது, நபிகள் நாயகம் முடிவை அவளிடமே விட்டார்கள் என்று அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. நீங்கள் கேட்பது நவீனக் காலத்துப் பிடிவாதம் இல்லை, மார்க்கத்துக்குள் இருக்கும் உரிமை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. நிக்காஹ் ஊரில் நடந்தால், பெண்ணின் சார்பாளரான வக்கீலும் இரண்டு சாட்சிகளும் வீட்டுக்குள் வந்து, கதவோரம் நின்று, “சம்மதமாம்மா?” என்று கேட்பார்கள். சுற்றிலும் மாமி, சித்தி, பெரியம்மா. நீங்கள் தலைகுனிந்து அழுதால் அதை வெட்கம் என்பார்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அதை உடைப்பது கடினம். கட்டாயத்தில் தந்த சம்மதம் செல்லாது என்று காட்டி இங்குள்ள ஷரியா நீதிமன்றத்தில் ஃபஸ்கு (திருமண ரத்து) கேட்க வழி உண்டுதான். ஆனால் சாட்சி தேட வேண்டும், மாதக்கணக்கில் அலைய வேண்டும். அந்த நிலை வரவே வேண்டாம். சம்மதம் இல்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள், இங்கேயே, இப்போதே.

பாஸ்போர்ட் உங்களுடையது. நீங்கள் வயது வந்தவர். தகுந்த உரிமையின்றி இன்னொருவரின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இதைச் சொல்லி அத்தாவை மிரட்டச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்க உங்களுக்குத் தயக்கம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தங்கையின் காரியத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பு. சிலாங்கூரில் 2018இல் வந்த திருத்தத்தால் பெண்ணுக்கும் திருமண வயது 18 ஆகிவிட்டது. அதற்குக் குறைந்தால் ஷரியா நீதிபதியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்.

அத்தாவை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு தலைமுறையாக இங்கே கடை நடத்தியும் ஊர் ஜமாஅத்தில் தன் பெயர் நிற்க வேண்டும் என்று ஏங்கும் தகப்பன்மாரை எனக்குத் தெரியும். ஊரோடு மிஞ்சியிருக்கும் உறவு அறுந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்துக்கு வழக்கு மருந்தாகாது. அவர் மதிக்கும் இமாமையோ பெரியப்பாவையோ உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், கோலசிலாங்கூர் மாவட்ட இஸ்லாமிய சமய அலுவலகத்துக்குச் சென்று குடும்ப ஆலோசனை கேளுங்கள். உங்களுக்குச் சம்மதமில்லை என்பதை எழுத்திலும் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் அரசின் சட்ட உதவித் துறையை நாடுங்கள். அவர்கள் ஷரியா வழக்குகளையும் எடுக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், பல்கலைக்கழக இடத்தை ஏற்றுக்கொள்ளக் கடைசித் தேதி எது என்று இன்றே பாருங்கள். அந்தத் தேதி அத்தாவின் மனம் மாறும் வரை காத்திருக்காது.